பூங்கா இணைப்புப் பாதையில் தலைக்கவசம் எதற்கு? ஒரு தாயின் கடிதத்துக்கு மருத்துவரின் பதில்

கேள்வி: டாக்டர், நாங்கள் சிங்கப்பூரின் தெம்பனிஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறோம். மகனுக்கு 14 வயது. உயர்நிலை இரண்டில் படிக்கிறான். பள்ளி முடிந்த பிறகும் வார இறுதியிலும் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டப் போவான். வீட்டிலிருந்து கிளம்பும்போது தலைக்கவசத்தை மாட்டிக்கொள்கிறான். மின்தூக்கியிலிருந்து இறங்கியதும் அதைக் கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிடுவதைத் தாழ்வாரத்திலிருந்து பலமுறை பார்த்துவிட்டேன். மேலிருந்தே சத்தம் போட்டும் பயனில்லை. கேட்டால், "சாலையில் ஓட்டினால்தான் போடவேண்டும் என்பது சட்டம், நான் பார்க் கனெக்டரில்தானே ஓட்டுகிறேன்" என்கிறான். வியர்க்கிறது, முடி கலைகிறது, கூட வருகிறவர்கள் யாரும் போடுவதில்லை என்றும் சொல்கிறான். பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் வளர்ந்த அவன் அப்பாவோ, "நாங்கள் எல்லாம் எதைப் போட்டு ஓட்டினோம், என்ன ஆகிவிட்டது?" என்று அவன் பக்கமே பேசுகிறார். அவனிடம் இருப்பது என் அக்கா மகன் எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பயன்படுத்திய தலைக்கவசம். அது போதுமா? அவனை வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், சைக்கிளிலிருந்து விழுந்து வந்த இந்த வயதுப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் லாரியிலோ பேருந்திலோ மோதியவர்கள் அல்லர். மழை பெய்து ஓய்ந்த பாதையில் ஈர இலைகள்மேல் சக்கரம் வழுக்கியது, நண்பனின் கைப்பிடியோடு தன் கைப்பிடி சிக்கியது, நடைபாதையின் சிமெண்ட் விளிம்பை வளைவில் கவனிக்காமல் உரசியது, குறுக்கே ஓடிவந்த சிறு குழந்தைக்காகச் சட்டென்று முன் பிரேக்கைப் பிடித்தது என்று காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. அதனால் உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: விட்டுவிடாதீர்கள். தலைக்கவசம் இல்லாமல் சைக்கிள் இல்லை என்பது உங்கள் வீட்டு விதியாக இருக்கட்டும். ஆனால் அந்த விதியை எங்கே, எப்படி, யார் முன்னிலையில் சொல்கிறீர்கள் என்பதில்தான் அது நிற்பதும் விழுவதும் இருக்கிறது. இப்போது நடப்பதுபோல் தாழ்வாரத்திலிருந்து சொன்னால் அது நிற்காது.

அதற்கு முன் உங்கள் மகன் எடுத்துவைக்கும் வாதத்துக்கு நேர்மையான பதில் வேண்டும். அவன் சட்டத்தைச் சரியாகவே படித்திருக்கிறான். சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதியிலிருந்து சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். பூங்கா இணைப்புப் பாதையிலும் சைக்கிள் பாதையிலும் ஓட்டுபவர்களுக்கும், ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குப் போகச் சாலையைக் கடக்க மட்டும் செய்பவர்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. "நீ சொல்வது சரிதான்" என்று அவனிடம் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பதினான்கு வயதில் ஒரு பிள்ளை சரியாகச் சொன்ன ஒன்றைப் பெரியவர்கள் மறுத்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் சரியான எதையும் அவன் காதில் போட்டுக்கொள்ளமாட்டான்.

அதன்பின் அவனிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தலைக்கவசம் எந்த விழுகையைத் தாங்குவதற்காகச் செய்யப்படுகிறது? சாலையில் ஆபத்து அதிகம், ஆகவே அது சாலைக்கு உரிய பொருள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதைச் சோதிக்கும் முறையைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. ஐரோப்பாவின் இஎன் 1078 தரத்தின்படி, தலையின் வடிவில் செய்த ஓர் உருவத்துக்குத் தலைக்கவசத்தை மாட்டி, வினாடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்புப் பரப்பில் மோதவிடுகிறார்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அடையும் வேகம் அது. மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த சிபிஎஸ்சி தரத்தில் உயரம் 2 மீட்டர், வேகம் வினாடிக்கு 6.2 மீட்டர். ஒன்றரை மீட்டர், 2 மீட்டர் என்பவை எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மிதிக்கும் காலோ சக்கரமோ தடுமாறி, அந்த உயரத்திலிருந்து தலை நேரே தரையில் வந்து மோதுவதுதான் தலைக்கவசம் எதிர்கொள்ள வேண்டிய விபத்து.

இப்போது உங்கள் மகன் ஓட்டும் இடத்தை எண்ணிப் பாருங்கள். நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். பூங்கா இணைப்புப் பாதையிலும் சைக்கிள் பாதையிலும் 25 கிலோமீட்டர். அவன் போகும் வேகம், அவன் விழக்கூடிய உயரம், அவன் தலை மோதக்கூடிய சிமெண்ட் தரை ஆகிய மூன்றும் அந்தச் சோதனைக்கூடத்தில் நடப்பதோடு நெருங்கிவருகின்றன. வேகமாக வரும் கனரக வாகனத்தின் முழு மோதலைத் தாங்குமளவுக்கு எந்தச் சைக்கிள் தலைக்கவசமும் வடிவமைக்கப்படவில்லை. அங்கேயும் அது உதவும், ஆனால் அதன் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே சாலையில் மட்டும் அணிந்து, பூங்காப் பாதையில் கழற்றிவைப்பவன், அந்தப் பொருள் தன் முழுப் பலத்தோடு வேலை செய்யக்கூடிய இடத்தில் அதைக் கைப்பிடியில் தொங்கவிடுகிறான். சட்டம் சாலையைப் பற்றிப் பேசுகிறது. தரையோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் கடினமாக இருக்கிறது. இந்த வாதத்தை அவனிடம் அப்படியே வையுங்கள். உயர்நிலை இரண்டில் அறிவியல் படிக்கும் பையனுக்கு இது புரியும், பிடிக்கவும் செய்யலாம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஓடு உடையாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பெரியவர்களே தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. உள்ளே இருக்கும் வெள்ளை அல்லது கறுப்பு நிறப் பொருள், ஊரில் தெர்மாகோல் என்றும் இங்கே ஸ்டைரோஃபோம் என்றும் சொல்கிறோமே, அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் அடர்த்தி கூடிய நுரைப்பொருள். வெறும் தலை சிமெண்டில் மோதினால் அதன் வேகம் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றாகவேண்டும். அந்தத் திடீர் நிறுத்தத்தின் முழுச் சுமையும் மண்டையோட்டுக்கும் உள்ளே மிதக்கும் மூளைக்கும் போகிறது. இடையில் அந்த நுரைப்பொருள் இருந்தால் அது நசுங்குகிறது. நசுங்கும்போது, தலை நிற்பதற்குக் கூடுதலாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரம் கிடைக்கிறது. தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, தலையைத் தாக்கும் விசை ஏறத்தாழ அத்தனை மடங்கு குறைகிறது. நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது. அதனால்தான் பலமாக ஒருமுறை மோதிய தலைக்கவசத்தை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மறுமுறை அணியக்கூடாது என்கிறோம்.

சாய்வாக விழும்போது தலை சுழலவும் செய்கிறது. அந்தச் சுழற்சி மூளையின் நரம்பிழைகளை முறுக்கி இழுத்துக் காயப்படுத்துகிறது. இதைக் குறைப்பதற்காக, சுவீடனின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் பொறியாளர் பீட்டர் ஹால்டினும் 1990களில் தொடங்கிய ஆய்விலிருந்து உருவானதுதான் 'மிப்ஸ்' என்று கடைகளில் நீங்கள் பார்க்கும் உள்ளடுக்கு. கையில் பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் அது இல்லாத, தலைக்குச் சரியாகப் பொருந்துகிற தலைக்கவசம், அது இருந்தும் பின்னால் சரிந்து நெற்றியைத் திறந்துவிடுகிற தலைக்கவசத்தைவிட மேலானது.

பலன் எவ்வளவு என்று உங்கள் கணவர் கேட்கலாம்; கேட்பதும் நியாயம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஜேக் ஒலிவியரும் புரூடென்ஸ் கிரெய்டனும் பல நாடுகளில் நடந்த 40 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2016இல் வெளியிட்ட கணக்கில், விபத்தில் காயமுற்ற 64,000க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் விவரங்கள் இருந்தன. தலைக்கவசம் அணிந்திருந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் சாத்தியம் 51 விழுக்காடும், கடுமையான தலைக்காயத்துக்கான சாத்தியம் 69 விழுக்காடும் குறைவாக இருந்தன. அதை அணிந்தால் கழுத்து முறியும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி எந்தத் தொடர்பும் அந்த ஆய்வில் தெரியவில்லை. கடுமையான காயத்தில் பலன் கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். முழங்கை சிராய்ப்பு ஆறிவிடும், மணிக்கட்டு எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். மூளை அப்படிக் கூடுவதில்லை. நடக்கிறான், பேசுகிறான், சாப்பிடுகிறான், ஆனால் முன்பு பத்து நிமிடத்தில் செய்த கணக்கை ஒரு மணி நேரமாகியும் முடிக்க முடியாமல் எரிச்சலில் நோட்டைத் தூக்கி எறிகிறான் என்று அழுத பெற்றோரோடு உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நெதர்லாந்தில் பெரும்பாலோர் தலைக்கவசம் அணியாமல்தானே ஓட்டுகிறார்கள் என்றும் சிலர் கேட்பார்கள். உண்மைதான். அங்கே பல பத்தாண்டுகளாகச் சைக்கிளுக்கென்று பிரித்துக் கட்டிய தடங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. எல்லாருக்கும் சட்டம் போட்டுக் கட்டாயமாக்க வேண்டுமா என்பது நாடுகள் விவாதிக்கும் கொள்கைக் கேள்வி. உங்கள் பிள்ளையின் தலை தரையில் மோதும்போது நடுவில் ஏதாவது இருக்கவேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல நெதர்லாந்துவரை போகத் தேவையில்லை.

உங்கள் கணவருக்காகவும் சில வார்த்தைகள். அவர் சொல்வது பொய்யில்லை. அப்பாவின் பெரிய சைக்கிளில், முக்கோணச் சட்டகத்துக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்து, வயல் வரப்போரம் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. நானும் விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போனபோது அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் அங்கே விழுந்த இடம் மண். இங்கே நம் பிள்ளைகள் விழும் இடம் சிமெண்ட், தார், இரும்புக் கம்பி, கல் விளிம்பு. அங்கே பாதையில் மாட்டுவண்டிக்கும் நடப்பவருக்கும் வழிவிட்டு மெதுவாகப் போனோம். இங்கே கியர் வைத்த லேசான சைக்கிளில் பதினான்கு வயதுப் பையன் அநாயாசமாக 25 கிலோமீட்டரைத் தொடுகிறான். அத்தோடு, "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறவர்கள், ஒன்றும் ஆகாதவர்கள்தாம். தலையில் அடிபட்டுப் பேச்சு குழறிப்போனவரோ, மரத்தில் மோதி இறந்தவரோ அந்தக் கதையைச் சொல்ல நம் வீட்டுக்கு வருவதில்லை. ஊரில் அப்படி ஒருவராவது இருந்தாரா என்று அவரிடமே கனிவாகக் கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் யாராவது ஒருவர் நினைவுக்கு வருவார்.

இனி உங்கள் மகனின் மனத்துக்கு வருவோம். என் பதிலில் முக்கியமான பகுதி இது. வீட்டு வாசலில் அணிகிறான், கீழே கழற்றுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவனுக்கு அணிவதில் அடிப்படையில் எதிர்ப்பு இல்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் நண்பர்கள் காத்திருக்கும் அந்த இருபது அடி தூரத்தில்தான் அவனால் முடியாமல் போகிறது. பதின்ம வயதில் நண்பர்களின் பார்வைக்கு இருக்கும் எடை, நாம் அந்த வயதைக் கடந்த பிறகு மறந்துபோகும் ஒன்று. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரை வைத்துச் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைச் சிலரைத் தனியாகவும் சிலரைச் சம வயதினர் கூட இருக்கும்போதும் விளையாட வைத்தார்கள். நண்பர்கள் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்தான முடிவுகள் கூடின. வயது வந்தோரிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. அறிவு குறைவதால் இது நடப்பதில்லை. தனியாகக் கேட்டால் உங்கள் மகன் ஆபத்துகளை வரிசையாகச் சொல்லுவான். நண்பர்கள் முன்னிலையில் வேறொரு கணக்கு அவனுக்குள் ஓடுகிறது, அவ்வளவுதான்.

எனவே, ஏழாவது மாடித் தாழ்வாரத்திலிருந்து இனி ஒருபோதும் குரல் கொடுக்காதீர்கள். உங்கள் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நண்பர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்க, "தம்பி, தலையில் மாட்டு" என்று அம்மா கத்தும் அந்தக் கணத்தில், தலைக்கவசம் அவனுக்குச் சிறுபிள்ளைத்தனத்தின் அடையாளமாக ஆகிவிடுகிறது. அதைக் கழற்றுவது வளர்ந்துவிட்டதற்கான அடையாளமாகிவிடுகிறது. அந்த முடிச்சை நாமே போட்டுவிட்டு நாமே அவிழ்க்க முடியாமல் திண்டாடுகிறோம்.

பேசவேண்டியதை வீட்டில், சண்டையில்லாத ஒரு நேரத்தில் பேசுங்கள். காரில் ஏறியதும் பெல்ட் போடுகிறோம். அதைப் பெருமையாகவோ அவமானமாகவோ யாரும் எண்ணுவதில்லை, பேசுவதும் இல்லை. தலைக்கவசமும் அந்த வரிசையில் சேரவேண்டும். "இது உன்மேல் நம்பிக்கை இல்லாததால் போட்ட விதி இல்லை. சைக்கிள் எடுக்கும் இந்த வீட்டார் எல்லாருக்கும் இதுதான் விதி" என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் என்றால் அவன் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். சந்தைக்கோ உணவங்காடி நிலையத்துக்கோ அவர் சைக்கிளில் போகிறவராக இருந்தால், அவர் தலையில் அது இல்லாதவரை நீங்கள் மகனிடம் பேசும் பேச்சு பாதிதான் போய்ச் சேரும். மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே, குரல் உயர்த்தாமல் சொல்லிவிடுங்கள்: அடுத்த ஒரு வாரம் சைக்கிள் பூட்டியிருக்கும். அதற்குமேல் ஏச்சு வேண்டாம், பழைய கதைகளைக் கிளற வேண்டாம். விபத்துக் காணொளிகளைக் காட்டிப் பயமுறுத்தவும் வேண்டாம். தன்னால் எளிதாகச் செய்யக்கூடிய ஒன்று கூடவே கையில் இல்லாதபோது, பயம் பிள்ளைகளை முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் வைக்கிறது.

நண்பர்கள் நான்கு பேர் என்றால் நான்கு பேரையும் மாற்ற முயலவேண்டாம். ஒருவன் போதும். அவனோடு மிகவும் ஒட்டியிருக்கும் நண்பன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பையனின் அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசி, இருவரும் ஒரே நாளில் தொடங்கும்படி செய்யுங்கள். தனி ஒருவனாக அணிவதற்கும் இரண்டு பேராக அணிவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த வயதில் மிகப் பெரியது. பிள்ளைகள் நண்பர்களோடு சேர்ந்து பகிர்வு சைக்கிள்களை எடுத்து ஓட்டுவதும் இங்கே சாதாரணம். நினைத்த இடத்தில் சைக்கிள் கிடைக்கும், தலைக்கவசம் வீட்டில் கிடக்கும். அதற்கும் அந்த விதி பொருந்தும் என்று பேச்சின்போதே சொல்லிவிடுங்கள். புத்தகப் பையின் வெளிப்பக்க வாரில் மாட்டிக்கொள்ளலாம். சொந்தச் சைக்கிளை நிறுத்தும்போது, காற்றுத் துவாரத்தின் வழியே பூட்டுக் கம்பியை விட்டுச் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டிவிடலாம். தூக்கிக்கொண்டு அலையவேண்டிய தொல்லைதான் பல பிள்ளைகள் அதைத் தவிர்ப்பதற்குச் சொல்லாத காரணம்.

வியர்வையையும் முடியையும் அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். முப்பது பாகைக்கு மேல் புழுங்கும் ஊரில் தலையை மூடச் சொல்கிறோம். அவன் முறையிடுவதில் தவறில்லை. துவாரங்கள் பெரிதாக, நிறைய உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டைகளைக் கழற்றி வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். நாற்றம் அடிக்கும் தலைக்கவசத்தை எந்தப் பிள்ளையும் விரும்பி அணியாது. சிறிய சீப்பு ஒன்று பையில் இருக்கட்டும். பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டையின்மேல் அது உட்காராது, கழுத்துக்கு அருகில் தாழ்த்திப் பின்னிய சடை வேண்டும். முக்காடு அணியும் மாணவிகள் மெல்லிய துணியைச் சுருக்கமில்லாமல் உள்ளே அணிந்து, அதோடு சேர்த்து அளவு பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கப் போகும்போது அவனை அழைத்துச் செல்லுங்கள். நிறமும் வடிவமும் அவன் தேர்வாகவே இருக்கட்டும். தர முத்திரை உள்ளே ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டும் நீங்கள் பாருங்கள். விலை கூடியதுதான் அதிகம் காக்கும் என்று நினைக்கவேண்டாம். விலை கூடும்போது பெரும்பாலும் எடையும் வியர்வையும்தான் குறைகின்றன. புருவத்துக்குச் சற்று மேலே அளவு நாடாவைச் சுற்றித் தலையின் சுற்றளவை எடுத்துக்கொண்டு போங்கள். அணிந்தபின் அதன் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்குள் இருக்க வேண்டும்; பக்கவாட்டு வார்கள் காதுக்குக் கீழே கூடவேண்டும்; தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒன்றிரண்டு விரல்கள் நுழையுமளவு மட்டுமே இடைவெளி இருக்க வேண்டும். வாயை அகலத் திறந்து கொட்டாவி விடச் சொல்லுங்கள். அப்போது தலைக்கவசம் உச்சியில் சற்று அழுந்துவதை அவன் உணர்ந்தால் வார் சரியாக இருக்கிறது. வாரைப் பூட்டாமல் தலையில் வெறுமனே வைத்துக்கொண்டு போகும் பிள்ளைகளையும் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நிறையப் பார்க்கிறேன். விழும்போது தலை தரையைத் தொடுவதற்கு முன்பே அது கழன்று ஓடிவிடும். சைக்கிளின் பிரேக்கையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பையன்கள் ஆசைப்படும் ஃபிக்ஸி வகைச் சைக்கிளானாலும் (சக்கரம் சுழலும்வரை பெடலும் கூடவே சுழலும் ஒற்றைக் கியர் சைக்கிள்), கைப்பிரேக் ஒன்றாவது நன்றாக வேலை செய்யவேண்டும் என்பது இங்கே சட்டம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. விதி கடுமையாகும் வீட்டில், தலைக்கவசம் இல்லாமல் விழுந்த பிள்ளை அந்த விழுகையை மறைத்துவிடும். ஏச்சுக்குப் பயந்து, தலைவலியோடு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்ட பிள்ளைகளை மறுநாள் காலையில் ஆம்புலன்சில் கொண்டுவந்திருக்கிறார்கள். காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியில் மண்டையோடு மெலிந்திருக்கும். அதன் உட்புறமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிசல் கண்டு அந்தக் குழாய் கிழிந்தால், பிள்ளை முதலில் எழுந்து நடக்கும், பேசும், சாப்பிடக்கூடச் செய்யும். உள்ளே ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்தத் தொடங்கிச் சில மணி நேரத்துக்குப் பிறகுதான் மயங்கும். ஆகவே தலையில் அடிபட்ட பிறகு தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, எழுப்பச் சிரமப்படும் அளவுக்குத் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, கை கால் வலுவிழந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது ரத்தம் வடிந்தாலோ, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். அத்தகைய அறிகுறிகள் இல்லாமல் லேசான அதிர்ச்சிக் காயம் என்று மருத்துவர் சொன்னாலும், முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வும், அதன்பின் படிப்படியாகப் பாடத்துக்குத் திரும்புவதும் தேவை. மருத்துவர் அனுமதிக்கும்வரை சைக்கிளும் காற்பந்தும் வேண்டாம். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி படுவது மிகவும் ஆபத்தானது.

இதற்காக மகனிடம் ஒரு வாக்குறுதி கொடுங்கள்: "விழுந்தால் உடனே சொல், தலையில் மாட்டியிருந்தாயா என்று அன்றைக்கு நாங்கள் கேட்கமாட்டோம்." கொடுத்தபின் அதைக் காப்பாற்றுங்கள். சைக்கிள் பூட்டும் தண்டனையெல்லாம் ஒரு வாரம் கழித்து வரட்டும். அணிந்திருந்து விழுந்தால், அந்தத் தலைக்கவசத்தையும் மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது எங்கே நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் தலையின் எந்தப் பக்கத்தை நாங்கள் கவனமாகப் பார்க்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, உங்கள் அக்கா மகனின் தலைக்கவசம். அது போதாது. எட்டு ஆண்டுகளில் அந்தப் பையன் எத்தனை முறை அதோடு விழுந்தான், எத்தனை முறை படிக்கட்டில் நழுவவிட்டான் என்பது இப்போது யாருக்கும் தெரியப்போவதில்லை. வெயிலும் வியர்வையும் பட்டு வார்களும் கொக்கியும் தேய்ந்திருக்கும். தயாரிப்பாளர்கள் பலர் ஐந்து ஆண்டுகளை ஒட்டியே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொருவர் தலைக்கு வாங்கியது உங்கள் மகன் தலைக்குப் பொருந்துவதும் அரிது. ஒருவேளை அந்த ஆட்டமும் அழுத்தமுமே அவன் கழற்றுவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். குப்பையில் போடுவதற்கு முன் இரண்டு பக்க வார்களையும் கத்தரியால் வெட்டிவிடுங்கள். யாராவது எடுத்துத் துடைத்துத் தங்கள் பிள்ளைக்கு மாட்டிவிடக்கூடும்.